செத்தவங்க கையத் தூக்குங்க

காலை ஒன்பது மணிக்கு, நாம் பூசிய விபூதி காய்வதற்குள், ஒரு மனிதர் எதிரே வந்து நின்று, "நேத்து செத்தவங்க மட்டும் கையத் தூக்குங்க" என்று கேட்டால் எப்படி இருக்கும்? எங்களுக்கு நான்கு வருடம் அப்படித்தான் பொழுது தொடங்கியது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. நாங்களே அவரைப் பெயர் சொல்லி அழைத்தது கிடையாது. 'ஏர்ஃபோர்ஸ்காரர்' என்று சொன்னால் போதும், விருத்தாசலம் ஜங்ஷனில் ஏறுகிற ஆளை ஆட்டோக்காரர் நேராக எங்கள் சூளை வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

எங்கள் சூளை என்றால் நான்கு பேருடைய சூளை. செராமிக் தொழிற்பேட்டையில் எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுக்காரர்களுக்குத் தனித்தனியாகச் சூளை வைத்துக் கட்டுப்படியாகாது. அதனால் நால்வர் கூடி ஒன்று வைத்திருந்தோம். என்னுடையது ஃபியூஸ் கேரியர். வீட்டு மீட்டர் பெட்டியில் கம்பி கட்டிச் செருகுவோமே, அந்த வெள்ளைப் பீங்கான். மற்ற மூவரில் ஒருவர் டீ கப் செய்தார், ஒருவர் பொம்மை, ஒருவர் ஊறுகாய் ஜாடி. நால்வர் சரக்கையும் இரும்பு வண்டி ஒன்றில் தட்டுத் தட்டாக அடுக்கி, தண்டவாளத்தின்மேல் தள்ளி, சூளைக்குள் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். சுட்டு ஆறியபின் வண்டியை வெளியே இழுக்கும்போது யாருக்காவது ஏதாவது உடைந்திருக்கும். உடனே சண்டை. கப்புக்காரரின் ஆள் இடித்தான், பொம்மைக்காரரின் ஆள் சாய்த்தான், ஃபியூஸ்காரன் அதிக இடத்தை அடைத்துக்கொண்டான். அந்தக் கடைசிக் குற்றச்சாட்டு என்மேல். அதில் உண்மையும் உண்டு.

நால்வருக்கும் பொதுவாக ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்று தேடினோம். யாருடைய சொந்தக்காரராகவும் இருக்கக் கூடாது என்பதுதான் ஒரே தகுதி. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், இருபது வருடம் விமானப்படையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த இவர் வந்து நின்றார். என் வயதுதான். நாற்பதைத் தாண்டியிருந்தோம். அவருக்குத் தொப்பை இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

"ஃப்ளைட் ஓட்டியிருக்கீங்களா?" என்று ஜாடிக்காரர் முதல் கேள்வியாகக் கேட்டார்.

"இல்லீங்க. ஓட்டுனவங்க பேசறதக் கேட்டிருக்கேன்" என்றார்.

அதுதான் அவர் வேலையாக இருந்தது. விமானிகள் பயிற்சி முடித்துத் தரையிறங்கிய பிறகு ஓர் அறையில் கூடிப் பேசுவார்களாம். யார் எங்கே பறந்தார், யார் யாரைச் சுட்டார் என்று திரையில் படம் ஓடும். அந்தத் திரைக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவர் இவர். பிறருடைய தவறுகளை இருட்டு அறையில் பெரிதாக்கிக் காட்டுவதே உத்தியோகம் என்று நான் கேலி செய்வேன். அவருக்குக் கோபமே வராது.

"பெரிசாக்கிக் காட்டலன்னா தெரியாதுங்க" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு கப் உடைந்தது. நாங்கள் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானோம். அவர் எங்கள் நால்வரையும், வண்டி அடுக்குகிற ஆட்களையும் சூளைக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார். களிமண் மூட்டைகளை ஒதுக்கி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்.

"செருப்ப வெளிய வுட்டமாதிரி, மொதலாளிங்கறதயும் வெளிய வுட்டுட்டு வாங்க. இங்க எல்லாம் ஒண்ணுதான். அவங்கவங்க தப்ப மட்டும் அவங்கவங்க சொல்லணும். அடுத்தவங்க தப்பப் பத்தி வாயே தொறக்கக் கூடாது. 'ஆனா'ன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா மறுபடி மொதல்லேருந்து சொல்லணும். இங்க பேசுனது இந்த செவத்தத் தாண்டிப் போவக் கூடாது."

அடுத்தவர் தவறைச் சொல்லக் கூடாது என்றால் எங்களுக்குப் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

அவரே விளக்கினார். விளக்கும்போது அவருக்கு இரண்டு கையும் விமானமாகிவிடும். வலது கை நம்முடையது, இடது கை நம்மோடு கூட்டுப் பயிற்சிக்கு வந்த நாட்டுக்காரனுடையது. இடது கை மேலேயிருந்து சாய்ந்து வந்து வலது கையின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். இந்தப் பழக்கத்தால் அவர் சூடாக டீ குடித்து நான் பார்த்ததில்லை. சேத்தியாத்தோப்புக்கு ஒருமுறை பஸ்ஸில் நின்றபடி எனக்கு இதை விளக்கிக்கொண்டு வந்தார். டிரைவர் பிரேக் போட்டார். நம் நாட்டு விமானமும் வந்த நாட்டு விமானமும் சேர்ந்து ஓர் அம்மாளின் கத்தரிக்காய்க் கூடையில் தரையிறங்கின.

"சுட்டான்னா நெசமா சுட மாட்டான். கணக்குல சுட்டதுதான். சுடுபட்டவன் சண்டையிலேருந்து வெலகிப் போயிடணும். அவன் செத்தவன். ரூமுக்கு வந்ததும் செத்தவன்தான் மொதல்ல பேசணும். எங்க பாக்காம வுட்டேன், எப்படிச் செத்தேன். பெரிய ஆபீசரா இருந்தாலும் அதேதான்."

அன்று முதல் எங்கள் கூட்டத்துக்கு ஆட்கள் 'சாவுக் கூட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் மனைவி எங்களைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார். "வெள்ளிக்கெழம அதுவுமா, வெளக்கு வெச்ச வூட்டுல, கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னா, 'சரி, யாரு செத்தது'ன்னு கேக்கறாருங்க. இந்த மனுசன வச்சிக்கிட்டு நான் இன்னாதான் பண்றது?"

அவருக்கு இந்தப் பயிற்சிகளின் சரித்திரம் மொத்தமும் தலைகீழாகத் தெரியும். சூளை சூடேறக் காத்திருக்கும் நேரத்தில் சொல்ல ஆரம்பிப்பார். அமெரிக்காக்காரன் வியட்நாம் போர் முடிந்தபிறகு உட்கார்ந்து யோசித்தானாம். அவனுடைய விமானிகள் பெரும்பாலும் முதல் பத்துத் தடவை பறப்பதற்குள்தான் செத்திருந்தார்கள். பத்தைத் தாண்டியவன் பிழைத்தான். அப்படியென்றால் அந்த முதல் பத்தையும் நம் வீட்டுப் பாலைவனத்திலேயே பறந்து முடித்துவிட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. தன் ஆட்களிலேயே சிலரை எதிரியாக்கி, அவர்கள் விமானத்துக்கு ரஷ்யாக்காரனைப்போல் பெயின்ட் அடித்து, தன்னோடு தானே சண்டை போட்டான். பிறகு நட்பு நாடுகளையும் வரச்சொன்னான். வேறு நாட்டுக்காரர்களும் இதேபோல் தங்கள் ஊரில் தொடங்கினார்கள்.

"நம்ம நாட்டுல?" என்று கேட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

"சீனாக்காரன் சண்ட முடிஞ்ச அடுத்த வருசமே அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூணு பேரும் இங்க வந்து நம்மளோட பறந்தாங்க. அப்புறம் நாப்பது வருசம் அமெரிக்காக்காரன் அந்த மாதிரி வரல. மறுபடி வந்தப்ப நான் உள்ள இருந்தேன். படம் போட்டது நாந்தான்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது எழுந்து நின்றுகொள்வார். இருபது வருட சர்வீஸில் அவர் கண்ட பெருமை அது. நான் விடுவேனா?

"யாரு ஜெயிச்சா?"

"ரெண்டு நாட்டுப் பேப்பர்லயும் அவங்கவங்கதான் ஜெயிச்சதாப் போட்டான். தோத்தவன் ரூமுக்குள்ள மட்டுந்தான் இருந்தான்" என்று சிரிப்பார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நம்ம பையன் ஒருத்தன், மீச கூட சரியா மொளைக்கல, எழுந்திருச்சு, 'நான் அவரப் பாக்கல, செத்துட்டேன்'னான். எதிர்ல இருந்த வெள்ளக்காரரு, பெரிய ஆபீசரு, எழுந்து நின்னு, 'அதுக்கு அரை நிமிசம் முன்னால நான் செத்துட்டேன், எனக்கே தெரியாது, இப்ப படத்துலதான் பாத்தேன்'னாரு. நான் புரொஜக்டருக்குப் பின்னாடி நின்னு அழுதேங்க" என்பார்.

அவரை நான் கேலி செய்யாத ஒரே இடம் இதுதான்.

கதை சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எல்லாவற்றையும் சூளையில் செய்து பார்த்தார். புதிதாக வேலைக்கு வருகிற ஆள் பத்து வண்டி உடைசலை அடுக்கி இறக்கிய பிறகுதான் நல்ல சரக்கைத் தொடலாம். எங்களிலேயே ஒருவரை எதிரி அணியாகப் போட்டு ஒத்திகை வைத்தார். எதிரியின் வேலை, வண்டி அடுக்கும்போது இடையூறு செய்வது. கரண்ட்டை நிறுத்தலாம், கையுறையை ஒளிக்கலாம். ஜாடிக்காரர் எதிரியானார். சாதுவான மனிதர், கடைக்குப் போனால் பாக்கிச் சில்லறையைக் கேட்கக்கூட வெட்கப்படுபவர். அன்று சூளைக் கதவின் சாவியை ஒளித்து, வண்டியின் சக்கரத்தைக் கழற்றி, கப்புக்காரரின் மதியச் சாப்பாட்டையும் தின்றுவிட்டார். ஒத்திகை முடிந்து சாவியைக் கேட்டபோது எங்கே வைத்தோம் என்று அவருக்கே மறந்துவிட்டது. அன்றைய கூட்டத்தில் அவர்தான் அதிக நேரம் செத்தார்.

ஆனாலும் உடைசல் குறைந்தது. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆறு மாதத்தில் நாங்கள் நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்தோம். எவன் தவறு என்று தேடி அலைகிற வேலை எங்களுக்கு இல்லாமல் போயிற்று. அவனவனே கொண்டுவந்து போட்டுவிடுகிறானே.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றியதற்குக் காரணம், அதில் நான் நல்லவனாக இல்லை.

ஐப்பசி மாதம். வெயிலைக் கண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. பச்சை உருப்படிகள், அதாவது அச்சிலிருந்து எடுத்து இன்னும் சுடாதவை, ரேக்கில் காயாமல் கிடந்தன. ஈரம் இருக்கிற உருப்படியைச் சூளையில் விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெடிக்கும். அது மட்டும் வெடித்தால் தொலைகிறது, சில்லு பறந்து பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் கருவி எதுவும் கிடையாது. அஞ்சலை இருந்தாள். பன்னிரண்டு வருடமாக வண்டி அடுக்குகிறவள். உருப்படியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சில்லென்று இருந்தால் ஈரம், ரேக்குக்குத் திரும்பிப் போகும். அவள் கன்னத்துக்கு மேல் அப்பீல் கிடையாது.

எனக்கோ இரண்டு நாளில் கடலூருக்குச் சரக்கு போக வேண்டும். மூன்று தட்டு ஃபியூஸ் கொண்டுவந்து வைத்தேன். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.

"ஓனரே, சில்லுன்னு இருக்குதுங்க."

"மழக் காத்துல எல்லாந்தான் சில்லுன்னு இருக்கும். ஏத்து."

"நாளைக்கு ஏத்திக்கலாங்க."

"நான் பாத்துட்டேன். ஏத்துன்னா ஏத்து."

ஏற்றினாள். ஏர்ஃபோர்ஸ்காரர் பத்தடி தள்ளி, நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

சூளைக்குள் பட்டாசு வெடித்ததுபோல் சத்தம் கேட்டது. சூடு ஆறி வண்டியை வெளியே இழுத்தபோது கப்புகளின் பளபளப்புப் பூச்சில் என் ஃபியூஸ் சில்லுகள் முள்ளாக ஒட்டியிருந்தன. வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளையார் பொம்மைகளில் ஒன்றுக்கும் தும்பிக்கை இல்லை. ஜாடிகளில் மூடி சேர்வதாக ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான்கு யூனிட்டுக்கும் இரண்டு வார உழைப்பு வீண்.

ஷிஃப்ட் மாறுகிற நேரம். எதிரே டீக்கடையில் பேட்டை ஆட்கள் நிறைந்து நின்றார்கள். அங்கேதான் கப்புக்காரர் அஞ்சலையை வழிமறித்தார்.

"கன்னத்துல வச்சுப் பாக்கலியா நீ?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. கையில் டீ கிளாஸ் இருந்தது, சுற்றிலும் நாற்பது பேர் இருந்தார்கள். "பாத்துத்தானேம்மா ஏத்தணும்" என்றேன்.

'ம்மா' வேறு சேர்த்துக்கொண்டேன்.

அவள், "ஏத்துனது நாந்தாங்க" என்று மட்டும் சொன்னாள். அது பொய்யில்லை. கூட்டத்தில் யாரோ, "பன்னெண்டு வருசம் ஆச்சுன்னு தெனாவெட்டு" என்றான். யாரோ சிரித்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது என்று நாங்கள் நால்வரும் முடிவு செய்தோம். நால்வரும் என்றால் என்னையும் சேர்த்துத்தான். ஏர்ஃபோர்ஸ்காரர் குறுக்கே வந்தார். "கூட்டம் நடக்காம முடிவு எடுக்கக் கூடாதுங்க" என்றார்.

மறுநாள் கூட்டம். அஞ்சலை கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தாள். "செத்தவங்க கையத் தூக்குங்க" என்றார் ஏர்ஃபோர்ஸ்காரர். கப்புக்காரர், கப்புகளை நெருக்கி அடுக்கச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். பொம்மைக்காரர், விரிசல் விட்ட பழைய பலகையைக் கொடுத்ததாகச் சொன்னார். ஜாடிக்காரர் மூன்று தவறுகளைச் சொன்னார். அதில் இரண்டு போன வருடத்தவை. நானும் கையைத் தூக்கினேன். மழைக்காலத்துக்குத் தனி அட்டவணை போடாதது என் தவறு என்றேன். அழகான தவறு அது. யாருக்கும் வலிக்காது. அஞ்சலை, "ஏத்துனது நாந்தாங்க" என்றாள்.

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நோட்டை மூடினார். "இன்னும் ஒருத்தர் எழுந்திருக்கல. நாளைக்கும் கூட்டம்."

அவருக்குத் தெரியும் என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. பத்தடி தள்ளி நின்றவருக்கு எப்படிக் கேட்காமல் இருந்திருக்கும்? ஆனால் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்தவர் தவறைப் பற்றி வாய் திறக்கக் கூடாதே. ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அந்த வசதியையும் அவர் எனக்குத் தரவில்லை.

இரண்டாம் நாளும் கூட்டம். சொல்வதற்கு யாரிடமும் சரக்கு இல்லை. ஜாடிக்காரர் தாங்க மாட்டாமல் எழுந்து, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகாமல் ஜங்ஷனில் வண்டி லேட் என்று பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார். "அது சூளைக்கு வெளியங்க" என்று ஏர்ஃபோர்ஸ்காரர் அவரை உட்காரவைத்தார். ஆட்கள் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. "நாளைக்கும் கூட்டம்" என்று நோட்டை மூடினார்.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபடியே அவரை மனதுக்குள் கண்டபடி திட்டினேன். ஊருக்குத் திரும்பி வந்த மனுஷன் ஒரு பெட்டிக்கடை வைத்துக்கொண்டு இருக்கக் கூடாதா?

மூன்றாம் நாள் கூட்டம் மதியத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. அஞ்சலை வேறு ஒரு பையும் கொண்டுவந்தாள். அவர் கேட்பதற்கு முன்பே எழுந்து, அதிலிருந்து கையுறைகளையும் காக்கி ஏப்ரனையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். துவைத்து, மடித்து, இஸ்திரி போட்டிருந்தாள். சூளைக் கையுறையை யாராவது துவைப்பார்களா? பன்னிரண்டு வருடக் கரியைக் கழுவி, கடனைத் தீர்ப்பதுபோல் திருப்பிக் கொடுத்தாள்.

"தெனமும் வந்து உக்காந்துட்டுப் போறதுக்கு, நானே வேலைய வுட்டு நின்னுக்கறேங்க. வூட்டுல மாமியா கேக்குது, இன்னா பண்ணித் தொலைச்சேன்னு."

என் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

"அந்தம்மா சில்லுன்னு இருக்குதுன்னாங்க. நாளைக்கு ஏத்தலாம்னாங்க. நாந்தான் ஏத்துன்னு சொன்னேன். அப்புறம் டீக்கடையில வச்சு, பாத்து ஏத்தணும்னு அவங்களயே சொன்னேன்."

'ஆனா' வரவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. கடலூர் லாரி, மழை, எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நின்றன. விழுங்கிவிட்டேன்.

கப்புக்காரர் பல்லைக் கடித்தார். பொம்மைக்காரர் கூரையைப் பார்த்தார். ஜாடிக்காரர் மட்டும், மூன்று நாள் தனியாகச் செத்துக்கொண்டிருந்தவருக்குத் துணை கிடைத்த நிம்மதியில், என் முதுகைத் தட்டினார். நான் ஏர்ஃபோர்ஸ்காரரைப் பார்த்தேன். நோட்டை மூடுவார், முடிந்தது என்பார், புரொஜக்டர் பின்னால் நின்ற மாதிரி கண்கூடக் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் எழுந்து நின்று, தன் கையையே தூக்கினார்.

"நானும் அங்கதான் நின்னேன். காதுல வுழுந்துச்சு. வண்டிய நிறுத்தற அதிகாரம் எனக்கு இருக்குது, நிறுத்தல. சரி, அது ஒண்ணு. மூணு நாளா இந்தம்மா இங்க உக்காந்திருக்கறதப் பாத்துக்கிட்டு, அவரு வாயால வரட்டும்னு காத்திருந்தேன். என் சட்டம் ஜெயிக்கணும்னு பாத்தேன். இவங்க முகத்தப் பாக்கல. இதுதான் பெரிசு."

நான்கு வருடத்தில் அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பின்னாளில் அவர் மகள், வேலை கிடைத்துப் பெற்றோரைப் புனேவுக்கு அழைத்துப்போனாள். ஜங்ஷனில் வழியனுப்பும்போதுகூடத் திடமாகத்தான் பேசினார். அவரைப் பிடிக்கும் என்று நான் அந்தக் கூட்டம்வரை நினைத்திருந்தது வேறு, அன்று பிடித்தது வேறு.

கூட்டம் முடிந்தது என்று நாங்கள் எழுந்தோம். மனசு லேசாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், கையுறைகளை எடுத்து இரண்டு கையாலும் அஞ்சலையிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"சொல்லிட்டீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நல்லாயிடுச்சு. எனக்கு?"

வெளியே, சாலைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"என்னையக் கேட்டது டீக்கடை வாசல்லங்க. நாப்பது பேரு இருந்தாங்க. எங்க தெருக்காரங்களே அஞ்சாறு பேரு. இங்க நாலு செவத்துக்குள்ள நீங்க சொன்னது வெளிய போவாதுன்னா, வெளிய இருக்கறது அப்படியேதான இருக்கும்?"

ஏர்ஃபோர்ஸ்காரர் கையுறையோடு அப்படியே நின்றார். அவருடைய சட்டங்களிலேயே அவர் உயிராக நினைத்தது அதுதான். அறைக்குள் சொன்னது அறைக்குள் இருக்கும் என்பதால்தான் மனிதன் உண்மை பேசுகிறான் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! எந்த நாட்டு விமானியும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டான். ஏர்ஃபோர்ஸ்காரர் நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டார். பிறகு கதவைத் திறந்தார்.

"ஷிஃப்ட்டு மாற எவ்ளோ நேரம் இருக்குது?" என்று என்னைக் கேட்டார்.

"பத்து நிமிசம்."

"வாங்க."

டீக்கடை வாசலில் அதே இடம். நாற்பதுக்குக் குறையாமல் ஆட்கள் நின்றார்கள். அஞ்சலை எங்கள் பின்னால் வராமல் சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டாள். அவர் பெஞ்சின்மேல் ஏறினார். என்னையும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். பெஞ்சு ஆடியது. பரேடு மைதானத்தில் கத்துகிற குரலில், "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றார். எண்ணெய்ச் சட்டியில் வடை வேகும் சத்தம் தவிர எல்லாம் நின்றது.

நான் சொன்னேன். ஈர உருப்படியை ஏற்றச் சொன்னது நான்தான், அஞ்சலை வேண்டாமென்று சொன்னாள், இதே இடத்தில் அவள்மேல் பழியைப் போட்டதும் நான்தான் என்று. அவர் சொன்னார், கேட்டும் நிறுத்தாதது தன் தவறு, மூன்று நாள் அவளை உட்காரவைத்ததும் தன் தவறு என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே மங்கலம்பேட்டை பஸ் காற்று ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி வந்து எங்களுக்கும் அவளுக்கும் நடுவே நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பஸ் போயிற்று. அஞ்சலை ஏறவில்லை, அங்கேயே நின்றாள். அப்பாடா, முடிந்தது என்று பெஞ்சிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தேன்.

அவள் சாலையைத் தாண்டி வந்தாள். ஏர்ஃபோர்ஸ்காரரின் கையிலிருந்து கையுறைகளை வாங்கித் தன் பைக்குள் போட்டாள்.

"பஸ்ஸு சத்தத்துல பின்னாடி நின்னவங்களுக்குக் கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள்.

ஏறி நின்று, இன்னொரு முறை சொன்னோம்.